வர ஒரு வழி, போக ஒரு வழி

(ஆண்டர்சன்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காற்று. மலை மேல் வீசும் காற்றைப் பற்றியோ கடற்கரைக் காற்றைப் பற்றியோ நான் பேசவில்லை. நாலு பக்கமும் அடைத்த இடத்துக்குள் சிக்கிக்கொண்ட காற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு பாய்மரப் படகின் சின்ன அறை. உள்ளே இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். மின்சாரம் அளந்து செலவழிக்க வேண்டிய இடம். சத்தமும் கூடாது. அந்த அறைக்குள் காற்றை எப்படி ஓட வைப்பது? இதுதான் இன்றைய கேள்வி.

கடல் கண்ணுக்கெட்டாத கோலார் தங்கவயலில் பாய்மரப் படகைப் பற்றி எதற்காகப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு என் பதில் இது: அடைத்த இடத்தில் மனிதன் மூச்சு விடுவதற்கு வழி செய்கிற வேலையை, உலகத்திலேயே மிகக் கடினமான இடம் ஒன்றில், நூறு ஆண்டுக்கு மேல் செய்து காட்டிய ஊர் இந்த ஊர். படகுக்காரன் இன்று தேடுகிற விடை உங்கள் அப்பா, தாத்தா காலடிக்குக் கீழே கிடக்கிறது.

முதலில் கீழே இறங்குவோம்.

இந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டரைத் தாண்டிப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்தப் பாறைக்கு நடுவில்தான் மனிதன் நின்று துளை போட்டான், வெடிமருந்து வைத்தான், மண் அள்ளினான். அவனுக்குக் காற்று எங்கிருந்து வந்தது?

மேலேயிருந்து வந்தது. ஒரு ஷாஃப்டில், அதாவது செங்குத்துக் குழியில், இறங்கியது, லெவல் என்கிற கிடைப் பாதைகளில் ஓடியது, இன்னொரு ஷாஃப்டில் ஏறி வெளியே போனது. கேட்பதற்குச் சுலபம். ஆனால் இறங்குகிற காற்றே இறங்க இறங்கச் சூடேறும். சைக்கிள் பம்பை நாலு தடவை வேகமாக அழுத்தினால் அடிப்பக்கம் சுடுகிறது இல்லையா? அதே காரணம்தான். மேலே இருக்கிற காற்றின் பாரம் கீழே இருக்கிற காற்றை அமுக்குகிறது. அமுக்கினால் சூடு. ஈரமில்லாத காற்று 1,000 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி கூடிவிடும். மூன்று கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர்ந்த காற்றை அனுப்பினாலும் கீழே போய்ச் சேருவது அனல். அதற்கு மேல் பாறையின் சூடு. அதற்கும் மேல், தூசி அடங்கத் தெளிக்கிற தண்ணீரின் ஈரம். ஈரக் காற்றில் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு தணியாது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சுமந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அதனால்தான் 1930களிலேயே, உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சுரங்கங்களோடு சேர்ந்து, கோலாரிலும் சுரங்கத்துக்குப் போகிற காற்றைக் குளிரூட்டும் இயந்திரங்கள் வந்தன. பிரேசிலில் மோரோ வெல்யோ, தென்னாப்பிரிக்காவில் ராபின்சன் டீப், இங்கே கோலார்.

இதற்கெல்லாம் மின்சாரம் வேண்டாமா? வேண்டும். 1902ஆம் ஆண்டு, சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்திலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் முன்பே கோலார் பார்த்துவிட்டது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அந்தப் பெரிய இயந்திரங்களைப் பற்றி அல்ல. அந்த இயந்திரங்களுக்குக் கீழே ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த இன்னொன்றைப் பற்றி.

சூடான காற்று இலேசு. குளிர்ந்த காற்று கனம். பாறையில் உரசிச் சூடேறிய காற்று ஒரு ஷாஃப்டில் மேலே ஏறுகிறது. அது காலி செய்த இடத்துக்கு இன்னொரு ஷாஃப்ட் வழியாகக் கனமான காற்று தானாக இறங்குகிறது. யாரும் தள்ளவில்லை. யாரும் இழுக்கவில்லை. ஆழமான சுரங்கத்தில் இந்த இயற்கை ஓட்டம் பெரிய பலம். விசிறிக்கு அது துணை. விசிறி நின்றாலும் ஓட்டம் முழுக்க நின்றுவிடாது. ஏன்? இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சூட்டில் வித்தியாசம் இருக்கிறது. இரண்டு வழி, ஒரு வித்தியாசம். இந்த இரண்டும் இருந்தால் காற்று ஓடும். வழி இரண்டு இல்லாவிட்டால் எத்தனை குதிரைத் திறன் வைத்தாலும் வீண்.

சுரங்கத்தின் காற்றுக் கதவுகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லெவலுக்கு நடுவில், வேலையே நடக்காத இடத்தில், ஒரு கதவு இருக்கும். டிராலி போனதும் சாத்த வேண்டும். சாத்தாமல் விட்டால் திட்டு விழும். எதற்காக? காற்று சோம்பேறி. குறுக்கு வழி கிடைத்தால் அந்த வழியாகவே திரும்பிப் போய்விடும். கடைசி முனையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு ஒரு வாய் காற்றும் போய்ச் சேராது. ஒரு கதவைத் திறந்து வைத்ததால் அரை மைல் தள்ளி ஒருவன் திணறுவான். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சமையலறைக்கு வரும்போது இந்தக் கதவு மறுபடியும் தேவைப்படும்.

இனி கடலுக்குப் போவோம்.

2024 அக்டோபர் 2ஆம் தேதி, கோவாவிலிருந்து ஒரு பாய்மரப் படகு புறப்பட்டது. பெயர் தாரிணி. நீளம் 56 அடி. அதில் இந்தியக் கடற்படை அதிகாரிகள் இருவர்: கேரளத்துப் பெண் தில்னா, புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி. இருவர் மட்டுமே. உலகத்தைச் சுற்றி, கேப் ஹார்ன் முனையைக் கடந்து, 2025 மே மாதக் கடைசியில் கோவா திரும்பினார்கள். எட்டு மாதம். நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அந்தப் படகுக்குள் எட்டு மாதம் மூச்சு விட்டிருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படிப்பட்ட படகுகளில் தங்கும் அறை எப்படி இருக்கும்? தென்கடலில் அலை மேல்தளத்தில் ஏறி விழும். அதனால் மூடிகளை எல்லாம் இறுக்கிச் சாத்த வேண்டும். உள்ளே நனைந்த துணி. உள்ளே அடுப்பு. உள்ளே மனித மூச்சு. தூங்குகிற ஓர் ஆளின் மூச்சும் வேர்வையும் சேர்ந்து ஒரே இரவில் கால் லிட்டருக்கு மேல் ஈரத்தைக் காற்றில் விடும். அந்த ஈரம் எங்கே போகும்? வெளியே குளிர்கடல், உள்ளே வெதுவெதுப்பு. படகுச் சுவரில் பட்டுத் தண்ணீராக வழியும். மெத்தைக்கு அடியில் தேங்கும். பூஞ்சணம் பிடிக்கும். மின் இணைப்புகளில் துரு ஏறும். மனிதனுக்குத் தலைவலி வரும்.

சரி, ஒரு பெரிய விசிறியைப் போட்டுவிடலாமே? போட முடியாது. அந்தப் படகில் இருக்கிற பேட்டரிதான் திசைகாட்டும் கருவிக்கு, அதுதான் வானொலிக்கு, அதுதான் சுக்கான் பிடிக்கும் தானியங்கிக்கு, அதுதான் இரவு விளக்குக்கு. பெரும்பாலும் சூரியத் தகடு கொடுக்கிறதைத்தான் செலவழிக்க முடியும். மேகம் மூடினால் அதுவும் குறைந்துபோகும்.

சத்தமும் ஆகாது. ஏன் ஆகாது? தூக்கம் கெடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. படகோட்டி தூக்கத்திலும் காதால் படகைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பாய் படபடக்கிறதா, கயிறு முறுகுகிறதா, அலையின் அடி மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். விசிறி இரைந்தால் அந்தக் குரல் அமுங்கிப்போகும். இதைச் சுரங்கத்து மனிதர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? முட்டுக் கொடுத்த மரம் முனகுகிறதா, பாறை சடசடக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்கள் நீங்கள். பாறை வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்ட் வரும் முன் சில சமயம் பாறை பேசும். அதைக் கேட்டு விலகியதால் உயிரோடு இருப்பவர்கள் இந்த ஊரில் உண்டு.

ஆகவே கடற்காரர்கள் காற்றைக் கொண்டே காற்றை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இது புதிதல்ல. பெரிய பாய்க்கப்பல் காலத்திலேயே பாய்த்துணியைக் குழாய் மாதிரித் தைத்து, வாயைக் காற்றுப் பக்கம் திறந்து மேலே கட்டி, வாலை அடித்தளத்தில் விட்டார்கள். மேலே வாய் பிடிக்கிற காற்று கீழே தூங்குகிறவன் முகத்தில் விழும். இதே உபாயம் சுரங்கத்திலும் இருந்தது! 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூலில், ஷாஃப்டின் வாயில் ஒரு பீப்பாயை நிறுத்தி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் அது தானே திரும்பும்படி இறக்கை கட்டிய படம் இருக்கிறது. கப்பலும் சுரங்கமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

நங்கூரம் போட்ட படகைப் பாருங்கள். முனையில் கட்டிய கயிறு இழுப்பதால் அது பெரும்பாலும் காற்றை நோக்கியே நிற்கும். முன்மூடியை முன்பக்கம் பார்த்துத் திறந்தால் காற்று நேராக உள்ளே விழும். ஆனால் பின்வாசல் சாத்தியிருந்தால்? ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே நிரம்பி நிற்கிற இடத்துக்குள் புதுக் காற்று எப்படி நுழையும்? போகிற வழியைத் திறந்த பிறகுதான் வருகிற வழிக்கு உயிர் வரும்.

மழையிலும் அலையிலும் என்ன செய்வது? 1930இல் டோரேட் என்றொரு பந்தயப் படகு அமெரிக்காவில் கடலில் இறங்கியது. ஓலின் ஸ்டீபன்ஸ் என்ற இளைஞரின் வடிவமைப்பு. அதில் ஒரு சின்ன மரப் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு பக்கத்தில் காது மடல் போல் வளைந்த குழாய். காற்றும் அலைத் தண்ணீரும் அதன் வழியாகப் பெட்டிக்குள் வரும். அறைக்குள் போகிற குழாயோ பெட்டியின் மறு பக்கத்தில், தளத்தைவிட உயர்ந்து நிற்கும். தண்ணீர் கனம், பெட்டியின் தளத்தில் விழுந்து ஓரத் துளை வழியாகக் கடலுக்கே திரும்பும். காற்று இலேசு, வளைந்து திரும்பி உயர்ந்த குழாய்க்குள் இறங்கும். ஒரு மோட்டார் இல்லை. ஒரு வாட் மின்சாரம் இல்லை. இன்றுவரை உலகமெங்கும் பாய்மரப் படகுகளில் இந்தப் பெட்டி இருக்கிறது. அந்தப் படகின் பெயரே அதற்கும் பெயராகிவிட்டது. கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இது. பகையையும் உறவையும் ஒரே வாசலில் வரவிட்டு, உள்ளே பிரித்து அனுப்புகிறது.

காற்றே வீசாத நாளில்? அப்போதுதான் விசிறி. அதிலும் எப்படிப்பட்ட விசிறி என்பதில்தான் சூட்சுமம். தம்பிகளே, இந்த ஒரு கணக்கை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்று பாதியாகும். ஆனால் அது தின்னும் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும்! சத்தமும் 15 டெசிபெல் அளவுக்கு இறங்கிவிடும். அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? சின்ன விசிறியை வெறியோடு சுழல விடுவதைவிட, பெரிய இறக்கையை மெல்லச் சுழல விட வேண்டும். சுரங்க விசிறிக்கும் இதே விதி. படகு விசிறிக்கும் இதே விதி. உங்கள் கூரையில் தொங்குகிற விசிறிக்கும் இதே விதி.

இதோ என் கையில் இருப்பது பழைய கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கழற்றிய விசிறி. 120 மில்லிமீட்டர் அகலம், 12 வோல்ட், 2 வாட். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, முன்வரிசையில் இருப்பவர்களுக்காவது கேட்கிறதா? நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வைத்திருக்கிறேன். அதிர்வு பலகைக்கு ஏறாது. ஸ்கூட்டர் பேட்டரி அளவில் ஒரு 7 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதி மட்டும் பயன்படுத்தினாலும் இது 20 மணி நேரம் ஓடும். படகில் இப்படி ஒன்றைப் போகிற வழியில் வைத்தால் இரவு முழுக்க ஈரத்தை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். படுத்திருப்பவருக்கு நேராக இன்னொன்று. ஒன்று காற்றை மாற்றுவதற்கு. ஒன்று காற்றை உடம்பின் மேல் ஓட்டுவதற்கு.

இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். இந்தக் குழப்பம்தான் என்னை இங்கே பேச வைத்தது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு மின்விசிறியை ஐந்தில் வைத்துப் படுக்கிறோம். அது என்ன செய்கிறது? நாம் விட்ட மூச்சையே நமக்குத் திருப்பித் தருகிறது. உடம்புக்குச் சுகமாக இருக்கிறது, நுரையீரலுக்கு இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு. ஒரு காலத்தில் மூங்கில் தட்டிச் சுவர். வெயிலும் மழையும் படுத்திய பாட்டை நான் அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன். அந்தத் தட்டி வீடுகளில் மனிதர்களை வாழ வைத்தது அநியாயம். ஆனால் தட்டிக்கு இடுக்கு இருந்தது, புகை போனது. இன்று அதே பத்தடி அறை சிமென்டுச் சுவராகியிருக்கிறது. முன்னால் ஒரு கதவு. பக்கத்துச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம். பின்னால் சமையலுக்கு ஓர் ஒட்டு. வர வழி ஒன்று இருக்கிறது. போக வழி எங்கே?

ஓர் ஊதுபத்தியை எடுங்கள். இரவு சமையல் முடிந்ததும் முன்கதவை நான்கு விரல் அளவு திறந்து வைத்து, பத்தியை அந்த இடுக்கில் மேலே பிடியுங்கள். புகை வெளியே சாயும். அப்படியே மெல்லக் கீழே இறக்குங்கள். நடுவில் ஓரிடத்தில் புகை எந்தப் பக்கமும் போகாமல் நேராக நிற்கும். இன்னும் கீழே இறக்கினால் உள்ளே சாயும். ஒரே கதவு, மேலே போகிறது, கீழே வருகிறது. உங்கள் கண் முன்னால் அந்த இடுக்கில் இரண்டு ஷாஃப்டும் இருக்கின்றன! சுரங்கத்தில் கிலோமீட்டர் கணக்கில் உயரம் இருந்ததால் ஓட்டம் பலமாக இருந்தது. நமக்குப் பத்தடிதான். அதனால் ஓட்டம் மெலிந்திருக்கும். மெலிந்த ஓட்டத்துக்கு நாம் வழியை அகலமாக்கித் தர வேண்டும். பின்சுவரில், கூரையை ஒட்டி, ஒரு செங்கல்லோ இரண்டு செங்கல்லோ அகலத்துக்குத் துளை. பூச்சி வராமல் வலை. முன்பக்கத்தில் தாழ்வாக ஒரு திறப்பு. இதற்கு ஆகும் கூலி ஒரு கொத்தனாரின் அரை நாள். மின்கட்டணம் சுழியம்.

தாய்மார்களே, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருக்கிறதா? அப்படியானால் அந்த விசிறி ஜன்னல் காற்றைத்தான் இழுத்து வெளியே தள்ளுகிறது. தாளிப்புப் புகை அடுப்பு மேலேயே நிற்கும். சாத்தாமல் விட்ட சுரங்கக் கதவு இதுதான். பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அறையின் எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்து பாருங்கள். அதே விசிறி, அதே மின்சாரம், புகை நகரும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மார்கழி, தை மாதத்தில் இந்த மேட்டுப் பூமியின் குளிர் உங்களுக்குத் தெரியும். அடைத்த அறைக்குள் கரி அடுப்பை, கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கரி கனலும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. இருமல் கூட வராது. தூங்கியவர் எழ மாட்டார். படகறையிலும் இதனால் செத்தவர்கள் உண்டு, வீட்டறையிலும் உண்டு. எவ்வளவு குளிராக இருந்தாலும் நெருப்பு உள்ளே இருக்கிற வரை காற்றுக்கு வழி திறந்திருக்கட்டும்.

இத்தனையும் கேட்டுவிட்டு நீங்கள் மனதுக்குள் ஒரு கேள்வி வைத்திருப்பீர்கள். நானாகவே சொல்லிவிடுகிறேன். "ஐயா, ஜன்னலைத் திற, திற என்கிறீர்கள். திறந்தால் வருவது காற்றா, சயனைட் டம்ப் பொடியா?"

நியாயமான கேள்வி. ஆடிக் காற்றில், சுரங்கத்தில் அரைத்த பாறையைக் கொட்டிய அந்த மேடுகளிலிருந்து வெள்ளைப் புழுதி எழுந்து தெருவை மூடுகிறது. சோற்றில் விழுகிறது, கொடியில் காயும் துணியில் படிகிறது, குழந்தையின் கண்ணில் விழுகிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த பாறை அங்கே குவிந்து கிடக்கிறது. இந்தியாவில், பாறைப் பொடி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே இந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான். அந்தப் பாறைப் பொடியைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வீட்டளவில் ஓரளவு செய்யலாம். காற்று மோதுகிற பக்கத்தைச் சாத்துங்கள். காற்று மோதிக் கடந்து போகிற மறுபக்கத்தில் ஓர் இழுவை இருக்கும். அந்தப் பக்கத்துத் திறப்பு உள்காற்றை வெளியே உறிஞ்சும். வருகிற வழியை டம்புக்கு முதுகு காட்டிய பக்கத்திலோ, ஈரத்துணி தொங்கவிட்ட கதவிலோ வையுங்கள். டோரேட் பெட்டியைப் போலக் காற்றை ஒரு பெட்டிக்குள் திருப்பி விட்டால் கனமான மணல் தங்கிவிடும். ஆனால் மெல்லிய பொடி தங்காது. காற்றோடு வளைந்து உள்ளே வந்துவிடும். நெஞ்சுக்குள் இறங்குவது அந்த மெல்லிய பொடிதான். அதை எந்த ஜன்னலும் தடுக்காது, எந்தப் பெட்டியும் தடுக்காது. அது மேட்டிலேயே அடங்க வேண்டும். செடி பிடிக்க வைத்து, மண் போர்த்தி, மேட்டின் முகத்தை மூட வேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தைச் சாத்தியவர்களுக்கு அந்த மேட்டை மூடுகிற கடமை தீர்ந்துவிடவில்லை. கீழே நடந்த வேலைக்கு மின்சாரம் கொடுக்க 92 மைல் கம்பி இழுக்க முடிந்த நாட்டில், மேலே இருக்கிற பிள்ளைகளுக்காக ஒரு மண்மேட்டில் புல் வளர்க்க முடியாதா? முடியும். கேட்க வேண்டும். மனுவில் கேட்க வேண்டும், நகரசபையில் கேட்க வேண்டும், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் வாசலில் நிறுத்திக் கேட்க வேண்டும்.

அதுவரை வீட்டுக்குள் செய்யக்கூடியதைச் செய்வோம். பின்சுவர்த் துளையை எந்த உயரத்தில் போடுவது, ஒட்டுக் கூரைக்கு எப்படி வழி விடுவது என்று கேட்க விரும்புகிறவர்கள் வீட்டின் நீள அகலத்தையும், டம்ப் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி இப்போதே மேடைக்குக் கொண்டு வாருங்கள். விசிறியும் பேட்டரியும் இங்கேதான் இருக்கின்றன. பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும். எல்லா வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் நான் ரயில் ஏறுவேன்.